பல்லிடுக்கில் நுழைந்த புகழ்

மதிப்பும் பிரியமும் மிகுந்த மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவனும், தொழிலால் பல் டாக்டருமாகிய நான் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே யாவரும் சுகம். உங்கள் சுகத்தையும், வீட்டம்மாவின் சுகத்தையும், போன மாதம் மாடிப்படியில் சறுக்கிய உங்கள் இடது முழங்காலின் சுகத்தையும் தனித்தனியே அறிய ஆவல். நீங்கள் அனுப்பிய சுவர்க்கடிகாரம் உடையாமல் வந்து சேர்ந்தது. மணி சரியாகக் காட்டுகிறது என்று நினைக்கிறேன். நிதானமாக அதை நிமிர்ந்து பார்க்க எனக்கு இன்னும் நேரம் வாய்க்கவில்லை.

'யாவரும் சுகம்' என்று வழக்கப்படி எழுதிவிட்டேன். உண்மையில் உங்கள் தங்கை தேவைக்கு மேல் சுகமாக இருக்கிறாள். அதைப் பற்றி உங்களிடம் முறையிடத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாம் என்றால் போன் அவள் கையில் இருக்கிறது. யார் கூப்பிட்டாலும் எடுத்து, "சிட்டு அம்மா பேசறேன், சொல்லுங்க" என்கிறாள். அதனால் கிளினிக் கதவைச் சாத்திக்கொண்டு, நோயாளிகள் உட்காரும் நாற்காலியில் நானே உட்கார்ந்து, கருவித் தட்டைக் கவிழ்த்து அதையே மேசையாக வைத்துக்கொண்டு எழுதுகிறேன். எழுத்து கோணல்மாணலாக இருந்தால் மன்னிக்கவும், நாற்காலி தானாகச் சாய்ந்து சாய்ந்து என்னைப் படுக்க வைக்கிறது.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு சினிமா. நான் படம் பார்க்கிறவன் அல்ல என்பது உங்களுக்குத் தெரியும். வாயைத் திறந்தபடி மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கும் ஜனங்களைத் தினமும் வெளிச்சத்திலேயே பார்க்கிறேன். அதற்காக டிக்கெட் வாங்கி இருட்டுக்குள் வேறு போகவேண்டுமா? ஆனால் இந்தப் படத்தை ஊரில் என்னைத் தவிர எல்லோரும் பார்த்துவிட்டார்கள். புதுசாக வந்திருக்கும் ஒரு பெண், ரசிகர்கள் 'சிட்டு' என்று செல்லமாகக் கூப்பிடுகிறார்கள், அதில் பஸ் கண்டக்டராக வருகிறாளாம். நல்ல மழையில் விசிலைத் தொலைத்துவிட்டு, தன் முன்பற்கள் இரண்டுக்கும் நடுவிலே இருக்கிற சந்தின் வழியாகவே விசிலடித்து பஸ்ஸை நிறுத்துகிறாளாம், பிறகு திரும்பிச் சிரிக்கிறாளாம், அந்தச் சந்து மட்டும் திரை முழுக்க ஒரு வாசல்கதவு உயரத்துக்குத் தெரிகிறதாம். அவ்வளவுதான் மச்சான். அந்தக் கதவு வழியாக ஊர் மொத்தமும் புத்தி கழன்று வெளியே போய்விட்டது.

முதலில் வந்தவள் துணிக்கடையில் பில் போடும் பெண். நாற்காலியில் ஏறிப் படுத்தாள். நான் வழக்கம்போல முகமூடியை மாட்டிக்கொண்டு, "என்னம்மா தொந்தரவு?" என்று கேட்டேன்.

"சந்து டாக்டர்."

"பல்லுல சந்தா? ஒரே நிமிஷம். வலிக்காம அடைச்சு விட்டுடறேன்."

"ஐயோ, அடைக்கறதுக்கு இல்ல டாக்டர். சந்து இல்ல. அதான் தொந்தரவு. ஒண்ணு வேணும்."

எனக்குக் காதில் ஏதோ கோளாறு என்று நினைத்து முகமூடியைக் கழற்றினேன். முகமூடிக்கும் காதுக்கும் சம்பந்தம் இல்லை என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது. "நல்லாத்தானேம்மா இருக்கு உன் பல்லு? முத்துக் கோத்த மாதிரி இருக்கே!"

"அதான் டாக்டர் அசிங்கமா இருக்கு. முத்து மாதிரி எல்லாருக்கும்தான் இருக்கு."

நோயற்ற பல்லை ராவி ஓட்டை போடுவது என் தொழிலுக்கு அடுக்காது, ஆண்டவனே வந்து கேட்டாலும் செய்யமாட்டேன் என்று அவளுக்கு ஒரு பிரசங்கம் செய்து அனுப்பினேன். அவள் அழுதுகொண்டே போனாள். மறுநாள் அவளுடைய அம்மா வந்தாள், மகளைக் கண்டிக்கத்தான் வந்திருக்கிறாள் என்று நான் எழுந்து நின்று வரவேற்றேன். அம்மாவுக்கும் சந்து வேண்டுமாம். அதற்கடுத்து பள்ளிக்கூட ஆசிரியை ஒருத்தி. அவளுக்குப் பிறவியிலேயே அழகான இடைவெளி, அதை அவள் கெஞ்சிக் கேட்டதன் பேரில் நான்தான் போன வருஷம் பிசின் வைத்து அடைத்துக் கொடுத்தேன். "எடுத்துடுங்க டாக்டர். பழைய ஃபோட்டோவப் பாத்துட்டு பசங்கல்லாம், 'மிஸ், நீங்க முன்னாடி நல்லா இருந்தீங்க'ன்னு சொல்றாங்க" என்றாள். சொந்தப் பல்லைச் சொந்தக்காரிக்குத் திருப்பித் தருவதில் தர்மத்துக்கு என்ன குறை? எடுத்துக் கொடுத்தேன். கண்ணாடியைப் பார்த்து ஆனந்தத்தில் அழுதாள். அடைத்த அன்றைக்கும் இதே கண்ணாடியைப் பார்த்து இதே மாதிரிதான் அழுதாள் என்பதை நான் சொல்லிக்காட்டவில்லை.

இதற்கு நடுவில் ஓய்வு பெற்ற போஸ்ட்மாஸ்டர் வந்து சேர்ந்தார். வாயில் சொந்தமாக ஒரு பல்கூடக் கிடையாது, மேலும் கீழும் நான் செய்து கொடுத்த செட்தான். "எனக்கு எல்லாப் பல்லும் நீ வைக்கறதுதானேய்யா? நடுவுல ரெண்டு பல்லக் கொஞ்சம் தள்ளி வச்சா உன் சொத்தா கொறஞ்சிடும்?" என்று கேட்டார். யோசித்துப் பார்த்தேன். ராவ வேண்டியதில்லை, வலியில்லை, பாவமில்லை. சரி என்று சந்து வைத்துப் புது செட் செய்து கொடுத்தேன். மனிதர் நேராகத் தபாலாபீஸ் வாசலுக்குப் போய், தன்னிடம் வேலை பார்த்த அத்தனை பேரையும் வெளியே கூப்பிட்டு, கைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு சிட்டு மாதிரி ஒரு விசில் அடித்திருக்கிறார். விசில் வரவில்லை. பல்செட் வந்தது. பறந்துபோய் எதிரே இருந்த பூந்தொட்டியில் விழுந்ததாம். கழுவி மாட்டிக்கொண்டு மறுபடி அடித்தாராம். சாயங்காலம் வரைக்கும் அங்கே கூட்டம் கலையவில்லை என்று நம் கிளினிக் நர்ஸ் வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

இந்த நர்ஸைப் பற்றி நான் முன்பே உங்களிடம் புலம்பியிருக்கிறேன். கைராசிக்காரி, கருவிகளை முகம் பார்க்கும்படி துலக்கி வைப்பாள், ஆனால் சினிமாப் பைத்தியம். எதிர்வரிசையில் புதிதாகக் கடை விரித்திருக்கிற சின்ன டாக்டர், 'சிட்டுச் சிரிப்பு இங்கே செய்து தரப்படும்' என்று விளக்குப் போட்டுப் பலகை வைத்ததும், நம் நோயாளிகள் அத்தனை பேரும் தெருவைக் கடந்து போய்விட்டார்கள். நம் காத்திருக்கும் அறையில் நானும் மீன்தொட்டி மீனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். நர்ஸ் வந்து, "உங்க கொள்கைய ஃப்ரேம் போட்டு மேல மாட்டிட்டு, அதுக்குக் கீழ உக்காந்து தினம் நாலு பேருக்குச் சந்து போட்டுக் குடுத்தா என்ன டாக்டர்?" என்று கேட்டாள். வேலையை விட்டு அனுப்பிவிடலாமா என்று பார்த்தேன். உங்கள் தங்கை நடுவில் வந்துவிட்டாள்.

இனி உங்கள் தங்கையைப் பற்றி. மச்சான், அவள் சிரிக்கும்போது வாயைக் கை கொண்டு மறைப்பாள் என்பது நீங்கள் அறிந்ததே. கல்யாணமான நாளிலிருந்து அந்தக் கை மேலே போவதைப் பார்த்துத்தான் அவள் சிரிக்கிறாள் என்று நான் தெரிந்துகொள்வது. வீட்டில் உள்ள எல்லாப் புகைப்படங்களிலும் உதடுகளைப் பசை போட்டு ஒட்டியது போல நிற்பாள். 'பல் டாக்டர் பெண்டாட்டிக்குப் பல்லைப் பாரு' என்று ஊரார் பேசுவார்கள் என்று அவளுக்குப் பயம். அடைத்து விடுகிறேன், வா என்று நான் எத்தனையோ தரம் கூப்பிட்டிருக்கிறேன். "உங்ககிட்ட நான் வாயத் தொறந்தா நீங்க பல்லத்தான் பாப்பீங்க, நான் என்ன சொல்றேன்னு கேக்க மாட்டீங்க" என்று மறுத்துவிடுவாள். அப்படிப்பட்டவள், நர்ஸ் விஷயத்தில் சமாதானம் பேச, மாடி வீட்டிலிருந்து டீத் தட்டோடு கீழே கிளினிக்குக்கு வந்த அன்றைக்கு, போஸ்ட்மாஸ்டர் கதையைக் கேட்டுவிட்டு அடக்கமாட்டாமல் சிரித்தாள். இரண்டு கையிலும் தட்டு. மறைக்கக் கை இல்லை.

நர்ஸ் அப்படியே மலைத்து நின்றாள். "அக்கா! அப்படியே இருங்க. அசையாதீங்க. டாக்டர், இங்க பாருங்க, அசல்! நம்ம வீட்டுக்குள்ளயே அசல் சந்து இருக்கு!"

அன்றைக்கு இறங்கிய கை, இன்றுவரை மேலே ஏறவில்லை. நர்ஸ் தெருவெல்லாம் சொல்லிவிட்டாள். பார்க்க வந்தார்கள், மச்சான். வைத்தியத்துக்கு இல்லை, உங்கள் தங்கையின் பல்லைப் பார்க்க. எதிர்வீட்டுச் சின்ன டாக்டரே ஒரு பெண்ணை அழைத்துக்கொண்டு வந்து, "மேடம், கொஞ்சம் சிரிச்சுக் காட்டுங்க, இவங்க அளவு பாக்கணுமாம்" என்று கேட்டான். ஸ்டூடியோக்காரர் அவள் படத்தைப் பெரிதாக்கித் தன் கடைக் கண்ணாடியில் வைத்தார். செருப்புக்கடைத் திறப்பு விழாவுக்கு ரிப்பன் வெட்டக் கூப்பிட்டார்கள், நம்ம ஊர் சிட்டு அம்மா வருகை என்று தட்டி எழுதி. நான் பின்னாலேயே அவளுடைய கைப்பையைப் பிடித்துக்கொண்டு போனேன். கடைக்காரர் என்னைத் தன் மாமனாருக்கு அறிமுகம் செய்து வைத்தார்: "இவர்தான் சிட்டு அம்மாவோட வீட்டுக்காரர்." மாமனார், "அப்படியா? சார் என்ன பண்றார்?" என்று கேட்டார். கடைக்காரர் என்னை ஒருமுறை மேலிருந்து கீழ் வரை பார்த்துவிட்டு, "வீட்லதான் இருக்கார்" என்றார்.

சரி, போகட்டும், புகழ் என்றால் அப்படித்தான் என்று நானும் பேசாமல் இருந்திருப்பேன். ஆனால் போன வாரம் நிஜச் சிட்டுவே ஊருக்கு வந்தாள். கடைத்தெருவில் புதிதாக ஒரு போன் கடை. அதைத் திறந்து வைக்க. காலையிலிருந்து கடைத்தெரு முழுக்கத் தலைகள். பஸ்கள் ஆங்காங்கே நின்றுவிட்டன. நான் வழக்கம்போல மீனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் விழா முடிகிற நேரம். பின்பக்கக் கதவை யாரோ அவசரமாகத் தட்டினார்கள். நர்ஸ் போய்த் திறந்தாள். திறந்தவள் திரும்பி வரவில்லை. என்ன என்று போய்ப் பார்த்தால் சுவரில் சாய்ந்து, கையால் விசிறிக்கொண்டு, "டாக்டர்... டாக்டர்..." என்பதற்கு மேல் வார்த்தை வராமல் நிற்கிறாள்.

வாசலில் பீரோ போல ஒரு ஆள், மேனேஜராம். அவருக்குப் பின்னால் பெரிய தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் கழுத்தைச் சுற்றிச் சால்வையுமாக ஒரு ஒல்லிப் பெண். இடது கன்னம் வீங்கிப் பளபளவென்று இருந்தது. தொழில்காரன் நான், தொப்பியையும் கண்ணாடியையும் பார்க்கவில்லை, கன்னத்தைத்தான் பார்த்தேன். "எத்தன நாளா இப்படி இருக்கு?" என்று அதட்டினேன்.

"ரெண்டு மூணு வாரமா டாக்டர். வலியோடதான் நடிச்சுட்டு இருக்கேன்."

"இதுவரைக்கும் ஒரு டாக்டர்கூடவா கிடைக்கல?"

"பல் டாக்டர் வாசல்ல நான் நின்னாலே போதும் டாக்டர், சிட்டு சந்த அடைக்கப் போறான்னு எழுதிடுவாங்க. போன தடவ கண் டாக்டர்கிட்ட போனேன். அவருக்கும் எனக்கும் கல்யாணம்னு எழுதிட்டாங்க."

மேனேஜர் நடுவே புகுந்தார். "டாக்டர், ஒரு விஷயம். முன்பல் பக்கம் உங்க கை, கருவி, தண்ணி எதுவும் போகக் கூடாது. மூணு படத்துக்கு அது கம்பெனி சொத்து. ஒப்பந்தத்துல இருக்கு."

"கடவாப் பல்லு மட்டும்தான் டாக்டர் என்னோடது" என்றாள் அந்தப் பெண். வலியிலும் சிரிக்கப் பார்த்தாள்.

எனக்கு மனசு என்னவோ போல் ஆகிவிட்டது. நாற்காலியில் படுக்க வைத்து வாயைத் திறக்கச் சொன்னேன். ஊரே பைத்தியமான சந்தை அப்போதுதான் அருகில் பார்த்தேன். நியாயமான சந்துதான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் உங்கள் தங்கையுடையதற்கு ஈடாகாது என்பதைத் தொழில்முறையில் பதிவு செய்கிறேன். கடைவாய்ப் பல்லின் வேரில் சீழ் கட்டியிருந்தது. ஊசியைக் கையில் எடுத்தேனோ இல்லையோ, அந்தப் பெண் நாற்காலியின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, ஐந்து வயதுக் குழந்தை மாதிரி, "வேண்டாம், வேண்டாம், நான் வீட்டுக்குப் போறேன்" என்று ஆரம்பித்தாள். அந்தச் சத்தம் கேட்டு மேலேயிருந்து உங்கள் தங்கை இறங்கி வந்தாள்.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பார்த்ததும் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. சிரிப்பு வந்ததும், மச்சான், அந்தப் பெண்ணின் கை தானாக வாய்க்குப் போயிற்று. உங்கள் தங்கை அதைப் பார்த்தாள். "கைய எடு கண்ணு. நானே எடுத்துட்டேன்" என்றாள்.

"கேமரா இல்லன்னா இன்னும் தானா போயிடுது ஆன்ட்டி. ஸ்கூல்ல என்னை 'கதவு தொறந்திருக்கு'ன்னுதான் கூப்பிடுவாங்க."

"அது பரவால்ல. என்னை 'உண்டியல்'."

அதற்குப் பிறகு அவர்கள் சிரித்த சிரிப்பில் எனக்கு ஊசி போட இடம் கிடைக்கவில்லை. நர்ஸும் சேர்ந்துகொண்டாள். கடைசியில் உங்கள் தங்கை அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு, செருப்புக்கடையில் நான் கைப்பையோடு நின்ற கதையைச் சொல்லத் தொடங்க, அவள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தபோதே நான் வேலையை முடித்துவிட்டேன். சீழ் வெளியே வந்தது. வலி போயிற்று. வலி போனதும் பசி தெரிந்தது. உங்கள் தங்கை பாலில் ரொட்டியை ஊற வைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள், மேனேஜர் "டயட், டயட்" என்று முனகிக்கொண்டே இருக்க, வலது பக்கமாகவே மென்று கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டது அந்தப் பிள்ளை.

அதுவரை எல்லாம் நலம். ஆனால் பின்சந்தில் நின்ற காரை எவனோ பார்த்துவிட்டான். கார், பல் கிளினிக், உள்ளே சிட்டு. கணக்குப் போட எவ்வளவு நேரம் ஆகும்? போன் கடை வாசலில் இருந்த கூட்டம் மொத்தமும் நம் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது. "அடைக்காதே! அடைக்காதே!" என்று ஒரே கோஷம். எல்லோரையும்விட உரக்கக் கத்தியது எதிர்வீட்டுச் சின்ன டாக்டர் என்பதை என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். வாசலில் விளம்பரத்துக்காக நான் மாட்டியிருந்த பெரிய சுண்ணாம்புக் கடைவாய்ப் பல் யார் கை பட்டோ பெயர்ந்து விழுந்து இரண்டாகப் பிளந்தது. பெருந்தெருவில் ஒரு பஸ், முன்னாலும் பின்னாலும் போகமுடியாமல் கூட்டத்தின் நடுவே மாட்டி நின்றது. மேனேஜர் என்னிடம் ஓடி வந்தார். "வீங்கின கன்னத்தோட ஒரு ஃபோட்டோ வெளிய போச்சுன்னா எல்லாம் முடிஞ்சுது டாக்டர். இவங்க முகத்தக் காட்டலன்னா உங்க கதவு முடிஞ்சுது."

நான் விளக்கம் சொல்லலாம் என்று மாடி முகப்புக்குப் போனேன். "அன்பர்களே, முன்பல்லில் நான் கை வைக்கவில்லை" என்று தெளிவாகத்தான் சொன்னேன், ஆனால் முகமூடியைக் கழற்ற மறந்திருந்தேன், வலது கையில் குறடும் இருந்திருக்கிறது. அதைப் பார்த்ததும் கீழே எழுந்த கூச்சலில் மீன்தொட்டித் தண்ணீரே அலையடித்ததாம், நர்ஸ் சொன்னாள். உள்ளே ஓடி வந்துவிட்டேன்.

உங்கள் தங்கை அலட்டிக்கொள்ளவே இல்லை. "கண்ணாடியக் குடு கண்ணு. அந்தத் தொப்பியும் சால்வையும்" என்றாள்.

"உனக்கென்ன வயசுன்னு நெனப்பு?" என்று நான் பதறினேன்.

"அவங்க என் வயசயா பாக்க வந்திருக்காங்க?"

தொப்பியை வைத்துக்கொண்டாள், கண்ணாடியை மாட்டினாள், சால்வையைப் போர்த்தினாள், மாடி முகப்புக்கு நடந்தாள். வெயில் இறங்கிக்கொண்டிருந்த நேரம். நான் திரைக்குப் பின்னால் நின்றேன். உங்கள் தங்கை இரண்டு கைகளையும் அகல விரித்து, முப்பது வருஷமாக அடக்கி வைத்திருந்த அத்தனையையும் சேர்த்துச் சிரித்தாள். தெரு முழுக்க அண்ணாந்து பார்த்தது. பிறகு ஒரு குரல் கேட்டது: "இருக்கு! சந்து அப்படியே இருக்கு!" பொங்கினார்கள், மச்சான். கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். ஒருத்தர்கூட, ஒரே ஒருத்தர்கூட, அந்தச் சந்துக்கு மேலேயும் கீழேயும் பார்க்கவில்லை. அப்போதுதான் அவள் நாக்கை மடித்து, தலையைச் சற்றுத் தூக்கி, பல் வழியாக இரண்டு விசில் அடித்தாள்.

என்ன விசில்! தெருக்கோடி வரை கீறிக்கொண்டு போன விசில். இரண்டு விசில் கேட்டால் வண்டியை எடுப்பது டிரைவர் வழக்கம் இல்லையா? மாட்டிக்கொண்டிருந்த பஸ்ஸின் டிரைவர் யோசிக்காமல் வண்டியை எடுத்துவிட்டார். கூட்டம் விலகி வழிவிட்டது. விலகியவர்கள் ஆடிப் பாடிக்கொண்டு பஸ் பின்னாலேயே ஓடினார்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே தெரு காலியாகிவிட்டது. அந்த நேரத்தில் நிஜச் சிட்டு, நம் நர்ஸின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து, முகத்தில் என்னுடைய முகமூடியோடு, பின்சந்து வழியாகப் போய்ச் சேர்ந்தாள். மேனேஜர் பின்னாலேயே ஓடினார்.

எனக்குக் கூட்டமும் மறந்துவிட்டது, சிட்டுவும் மறந்துவிட்டது. "உனக்கு விசிலடிக்கத் தெரியுமா?" என்று மட்டும்தான் கேட்கத் தோன்றியது. "அண்ணன் சொல்லிக் குடுத்தது" என்றாள், தொப்பியைக் கழற்றிக்கொண்டே. "ஏன் எங்கிட்ட சொல்லல?" என்றேன். "நீங்க கேக்கலயே" என்றாள். இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்துவிட்டு இப்படி ஒரு வித்தை கைவசம் இருப்பது தெரியாமல் இருந்திருக்கிறேனே என்று, அன்றைக்குச் சாப்பிடும்போது மறுபடி ஒருமுறை அடிக்கச் சொல்லிக் கேட்டேன். அடித்தாள்.

மறுநாள் பத்திரிகையில் மாடி முகப்புப் படம் பெரிதாக வந்தது. 'படப்பிடிப்புக் களைப்பால் சிட்டு சற்றே பூசினாற்போல் இருந்தார்' என்று போட்டிருந்தார்கள். உங்கள் தங்கை அதைக் கத்தரித்து, நீங்கள் அனுப்பிய கடிகாரத்துக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறாள். நம் கிளினிக்கிலும் கூட்டம் நிரம்பி வழிகிறது. சிட்டு உட்கார்ந்த நாற்காலியில் உட்காரவேண்டுமாம். வாயைத் திறங்கள் என்றால், "இல்ல டாக்டர், சும்மா உக்கார வந்தேன்" என்கிறார்கள். விடுவேனா? உட்கார்ந்தது உட்கார்ந்தாய், திற என்று திறக்க வைத்து, வருஷக்கணக்காகக் கவனிக்காத சொத்தைகளைத் தேடிப் பிடித்து அடைத்துக்கொண்டிருக்கிறேன். இவ்வளவு மும்முரமாகத் தொழில் பார்த்து எத்தனையோ காலமாகிறது. அந்தத் துணிக்கடைப் பெண்கூட வந்தாள், முத்துக் கோத்த பல்லோடு, உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டு போனாள்.

இப்போது முறையீட்டுக்கு வருகிறேன். முந்தாநாள் சிட்டு போன் செய்தாள். அடுத்த படத்தில் அவளுக்கு ஒரு அம்மா வேண்டுமாம். அந்த வயது நடிகைகள் எல்லோரும் எப்போதோ சந்தை அடைத்துவிட்டார்களாம், மகள் போலப் பல் உள்ள அம்மா எங்கு தேடியும் அகப்படவில்லையாம். உங்கள் தங்கை என்னை ஒரு வார்த்தை கேட்காமல் சரி என்று சொல்லிவிட்டாள். மலைப்பிரதேசத்தில் ஒரு மாதப் படப்பிடிப்பு. இப்போதே பயிற்சி ஆரம்பமாகிவிட்டது. நேற்று சூப்பில் உப்புத் தூக்கல் என்று நான் சொன்னதுதான் தாமதம், சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சரிந்து உட்கார்ந்து, "என் பொண்ண மட்டும் ஒண்ணும் பண்ணிடாதீங்க!" என்றாள். எங்களுக்குப் பெண்ணே கிடையாது. மகனுக்குப் போன் செய்து நியாயம் கேட்டால் அவன், "அப்பா, ஆபீஸ்ல அம்மா ஆட்டோகிராஃப் கேக்கறாங்க, ஒரு பத்து அனுப்பச் சொல்லுங்க" என்கிறான்.

அதனால் மூத்தவர் என்ற முறையில், நீங்கள் ஒரு கண்டிப்பான கடிதம் எழுதி இதைத் தடுக்கவேண்டும். உங்கள் சொல்லுக்கு அவள் கட்டுப்படுவாள். சினிமா நமக்குச் சரிப்படாது, மலைக் குளிர் மூட்டுக்கு ஆகாது, நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள், இப்படி எது வேண்டுமானாலும் எழுதுங்கள். நானே சொல்லிவிடுவேன், ஆனால் நான் வாயைத் திறந்தால் அவள் சிரித்துவிடுகிறாள். அந்தக் கை இறங்கியதிலிருந்து வீட்டில் சத்தம் கூடிப்போய்விட்டது, மச்சான். மாடிப்படியில் சிரிப்பு, சமையலறையில் விசில், வாசலில் யாரோடாவது பேச்சு. நாற்காலியில் ஒருவரைப் படுக்கவைத்து வேலை செய்துகொண்டிருப்பேன், மேலே சிரிப்புச் சத்தம் கேட்கும், எதற்கென்று தெரியாமலே எனக்கும் சிரிப்பு வந்துவிடும், நோயாளி பயந்துவிடுவார். ஒரு மாதம் அந்தச் சத்தம் இல்லாமல் நானும் மீனும் எப்படி இருப்பது? இதை மட்டும் கடிதத்தில் எழுதிவிடாதீர்கள், மூட்டுவலியைப் பற்றியே எழுதுங்கள்.

வீட்டம்மாவுக்கு என் வணக்கத்தையும், பிள்ளைகளுக்கு என் ஆசிகளையும், உங்கள் முழங்காலுக்கு என் அனுதாபத்தையும் தெரிவிக்கவும். எல்லோரும் பல் ஈறு சகிதமாக நீடூழி வாழவேண்டுகிறேன். தாமதமின்றி வரப்போகும் உங்கள் கண்டிப்பை எதிர்பார்த்து,

என்றும் உங்கள் அன்புக்குரிய,
தங்கையின் கணவன்.

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் உங்கள் தங்கை வந்து பின்னால் நின்று முழுவதையும் படித்துவிட்டாள். கோபப்படுவாள் என்று பார்த்தேன். "மெதுவாகச் சரிந்துன்னு எழுதியிருக்கீங்களே, அது நல்லா வந்துச்சா?" என்று கேட்டாள். நன்றாகத்தான் வந்தது, பொய் சொல்வானேன். உறையை ஒட்டாமலே வைத்திருந்தேன், மறுநாள் மேனேஜர் போன் செய்தார். படத்தில் பல்வலியால் துடிக்கும் நோயாளி ஒருவர் வேண்டுமாம். முகம் தெரியாது, துணி கட்டிய கன்னம் மட்டும் தெரியும், ஆனால் முனகல் இயற்கையாக இருக்கவேண்டும் என்றார். முனகலை என்னைவிட அதிகம் கேட்டவன் இந்த ஊரில் யார்? போனிலேயே முனகிக் காட்டினேன், உடனே எடுத்துக்கொண்டார்கள். சின்ன டாக்டரிடம் ஒரு மாதம் கிளினிக்கைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன், நர்ஸ் எங்களோடு வருகிறாள், மீனைப் போஸ்ட்மாஸ்டர் வாங்கிக்கொண்டு போய்விட்டார். ஆகவே மேலே எழுதிய எதையும் நீங்கள் படிக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள், கண்டிப்பான கடிதம் ஏதும் வேண்டாம். இன்னொன்று. படத்தில் அம்மாவுக்கு ஒரு அண்ணன் இருக்கிறாராம், குடும்ப ஜாடை அப்படியே இருக்கவேண்டுமாம், அதே மாதிரிப் பல் உள்ள ஆண் யாராவது கிடைப்பாரா என்று மேனேஜர் கவலையோடு கேட்டார். எங்கள் கல்யாணத்தில் நீங்கள் வாயெல்லாம் பல்லாகச் சிரித்துக்கொண்டு நிற்கும் படத்தை அனுப்பிவிட்டேன். பார்த்ததும் மேனேஜர் துள்ளினாராம். அடுத்த வாரம் கார் வரும், கம்பளிச் சட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதுவரைக்கும் உங்களை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன் மச்சான், எந்தப் பல் டாக்டரையும் கிட்டே அண்டவிடாதீர்கள்.